மாமாவின் இடது கால்

என் கையைப் பற்றித் தூத்துக்குடியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மூன்று ஆண்கள் சேர்ந்து பிசைகிற மாவை ஒற்றை ஆளாகப் பிசைந்து அடித்த கை இது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், இன்று மூன்று ரொட்டிக் கடைகளுக்குச் சொந்தக்காரி. யாரும் தூக்கிவிடவில்லை. இந்தக் கைதான் தூக்கிவிட்டது. எண்பதைத் தாண்டிய பிறகும் இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. போன மாதத்திலிருந்துதான் பேச அலுப்பாக இருக்கிறது.

இந்தக் கையின் வலுவை முதலில் கண்டுபிடித்தவர் மாமா, என் அம்மாவின் தம்பி. அப்போது இரண்டாம் உலக யுத்த காலம். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன அப்பாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மாமா கடலில் முங்கிச் சங்கு எடுத்து வந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் அக்காளுக்கும் அக்காள் மகளுக்குமாக மூச்சை அடக்கியவர் அவர்.

அந்த வருடம் சங்கு குளிக்கும் பருவம் தொடங்க இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. மாமாவுக்கு விலாவில் குத்து வந்தது. மூச்சை இழுத்தால் முள் ஏறுவதுபோல இருக்கிறது என்றார். பத்து நாளில் குத்து நின்றுவிட்டது. நாங்கள் சந்தோஷப்படுவதற்குள் மூச்சு முட்ட ஆரம்பித்தது. நான்கு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்து நிற்பார்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மாமாவின் முதுகில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார், தேங்காய் வாங்க வந்தவரைப் போல. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்திருக்கிறது என்றார். தடித்த ஊசியை விலாவுக்குள் இறக்கி இழுத்தார். வைக்கோல் நிறத்தில் தண்ணீர் வந்தது. காசநோயாக இருக்கலாம், மூன்று மாதம் படுக்கையை விட்டு அசையக் கூடாது, புதிதாக எது வந்தாலும் உடனே வந்து சொல்ல வேண்டும் என்றார்.

அம்மாவுக்குக் காசநோய் என்ற சொல் காதில் ஏறவே இல்லை. "கடல்ல முங்குதவனுக்கு நெஞ்சுல தண்ணி கோக்காம, மாட்டு வண்டி ஓட்டுதவனுக்கா கோக்கும்?" என்று வழியெல்லாம் டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தாள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். ஆழத்தில் மூச்சுத் தவறியவன் நெஞ்சில் கடல் கொஞ்சம் தங்கிவிடும். அதைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆளை விட்டுவிடும். அதற்காகவே அம்மா ஆஸ்பத்திரி ஆயாவிடம் கெஞ்சி, எடுத்த நீரை ஒரு சோடா பாட்டிலில் வாங்கி வந்திருந்தாள்.

கடலில் ஊற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. எட்டு வயது எனக்கு. கரைக்குப் போனதும் எனக்கு ஒரு சந்தேகம். விரலை விட்டு ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஊற்றிவிட்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

"எம்மா, உப்புக் கரிக்கு! கடல் தண்ணியேதான்!"

அம்மாவின் முகத்தில் அன்றுதான் களை வந்தது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். டாக்டரின் காசநோய் என் நாக்கில் தோற்றுப்போனது.

மாமா படுத்தே கிடந்தார். மூன்றாவது வாரம் அவருடைய இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிப் பளபளவென்று ஆனது. தொட்டால் சுட்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "மாதாவே, எறங்கிட்டு! மிச்சத் தண்ணியும் நெஞ்ச விட்டுக் காலுக்கு எறங்கிட்டு!"

டாக்டரிடம் போய்ச் சொல்லவில்லை. நல்ல சேதியை யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்? தண்ணீரைக் கால் விரல் வழியாக வெளியேற்ற வேண்டியதுதான் பாக்கி. அம்மாவின் கையில் வலு போதவில்லை. புன்னை எண்ணெயைத் தடவிக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

"ஏளா மருமவளே, இது கையா, கொறடா?"

"வலிக்கா மாமா?"

"வலிக்கட்டும். நீ அமுக்கு. வள்ளத்துல ஏறணும்லா." பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பார். "ஒன்னயக் கட்டப் போறவன் பாவம்ட்டீ. ஒரு அறையில பொட்டுனு போயிருவான்."

அம்மா காலையும் மாலையும் என்று சொல்லியிருந்தாள். நான் மதியமும் அமுக்கினேன். கட்டைவிரல் இரண்டையும் கெண்டைச் சதைக்குள் புதைத்து அமுக்குவேன். ஆறாம் நாள் வீக்கம் வற்றியது போலத் தெரிந்தது. "வத்திட்டு மாமா!" என்று கத்தினேன்.

"அப்படியா? எழும்பிப் பாக்கேன்" என்றார். என் தோளைப் பிடித்து எழுந்தார். வாசல் வரைக்கும் நடந்தார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு முடியவில்லை. கை நெஞ்சுக்குப் போனது. "மூச்சு..." என்றார். நிலைப்படியிலேயே சரிந்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன மாதம் என் இடது கால் வீங்கியது. மருமகள் எண்ணெயோடு வந்து உட்கார்ந்தாள். பார்க்க வந்த டாக்டர், சின்னப் பெண், மருமகளின் கையைத் தட்டிவிட்டாள். "அமுக்கவே கூடாது. உள்ள ரத்தம் கட்டியா ஒறைஞ்சிருக்கு. அது நகந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளே போயிரும்."

"அமுக்கினாத்தான் போகுமா தாயி?"

"சும்மா எழும்பி நடந்தாக்கூடப் போகலாம் பாட்டி. ரொம்ப நாள் படுத்துக் கெடந்தவங்களுக்கு அப்படி வரும்."

அந்த 'சும்மா'வைத்தான் ஒரு மாதமாகக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருக்கிறேன். பதம் வரவில்லை.

மாமாவைக் கிடத்தியிருந்தபோது வீடு கொள்ளாத கூட்டம். கடல் மனசு மாறி ஆளையே எடுத்துக்கொண்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அம்மா அழுதுகொண்டே என் இரண்டு கைகளையும் பிடித்து அவர்களுக்குத் தூக்கிக் காட்டினாள். "கடைசி வரைக்கும் இந்தப் பிள்ளதான் அமுக்கிவிட்டா. வீக்கத்த வத்த வச்ச கையாக்கும் இது!" எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தொட்டுக்கூடப் பார்த்தார். நான் அழுகையை நிறுத்திவிட்டு, நன்றாகத் தெரியட்டும் என்று விரல்களை விரித்துக் காட்டினேன். எண்ணெய் வாசனை போய்விடக் கூடாது என்று அன்று முழுக்கக் கை கழுவவே இல்லை.