குழந்தை அறைத் தரையில் சிவப்பு

அந்த பட்லரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செத்துப்போனான் என்பதற்காக நல்லவனாக்கிச் சொல்ல எனக்கு வராது.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்கு ரயில் வந்த புதிதில், சுரங்கத் துரை ஒருவரின் பங்களாவில் எனக்குத் தரை வேலை. வீடு முழுக்கத் தேக்குப் பலகை. தாது அரைக்கும் மில்லிலிருந்து பறந்துவரும் பொடிமணலை அன்றாடம் பெருக்காவிட்டால் பலகை கீறிப்போகும். பிழிந்த துணியால் துடைத்து, தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்துப் பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்து அறை நெடுகத் தேய்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரே ஒரு ஷிப்ட், ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் இறங்கியிருக்கிறேன். கீழே மூச்சடைத்து விழுந்த என்னை மூட்டைபோல மேலே கொண்டுவந்தார்கள். இந்த வேலை போனால் மறுபடி அந்தச் சுரங்க ஷாஃப்ட்தான். பட்லருக்கு அது தெரியும். என் வேலையைத் தன் தம்பிக்குக் கேட்டுக் கிடைக்காதவன் அவன். நான் மெழுகிய இடத்தில் நாற்காலியைத் தூக்காமல் இழுப்பான். "இன்னாடா, வாய் இல்லியா? கேஜுல ஏத்துனா தானா கத்துவ" என்பான். யார் முன்னாலும் எனக்குப் பேச்சு வராது.

துரையின் குழந்தைக்குச் சின்னம்மை போட்டு இறங்கியது. அந்த அறையைப் புதிதாக மெழுகச் சொன்னாள் துரைசாணி. சனிக்கிழமை பழைய மெழுகைச் சுரண்டி, பலகையை வெறுமையாக விட்டுப் போனேன். மறுநாள் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டார் சர்ச்சுக்குப் போனதும் ஆயா, அதாவது பட்லரின் மனைவி, நம் வழக்கப்படி வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறாள். வெறும் பலகை மஞ்சளைக் குடித்துவிட்டது. பட்லர் பயந்துபோய்ச் சலவைச் சோடாவைக் கரைத்துத் தேய்த்திருக்கிறான். ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்தவன்தான்; மஞ்சளோடு சுண்ணாம்போ சோடாவோ சேர்ந்தால் சிவக்கும் என்பது பயத்தில் நினைவு வரவில்லை. தரை ரத்தமாகச் சிவந்துவிட்டது.

திங்கள் காலை மெழுகு டப்பாவோடு போனேன். துரைசாணி வாசற்படியில் வெளுத்துப்போய் நின்றாள்.

"இவந்தாம்மா," என்றான் பட்லர். "அம்மை இறங்குச்சின்னு கோழி அறுத்துட்டான். இவங்க ஜனமே இப்படித்தான்."

அவன் ஜனம் மட்டும் சீமையிலிருந்தா வந்தது?

"நீ செஞ்சதா?" என்றாள் துரைசாணி.

"பாருங்கம்மா, பேச மாட்டான். நாளைக்கே ஷாஃப்டுக்கு அனுப்புங்க."

ஆயா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கட்டிலடியில் ஒரு வேப்பிலை கிடந்தது. சோடா படாத அந்த மூலையில் பலகை இடுக்கு மஞ்சளாக இருந்தது. இது ஆரத்திச் சிவப்பு என்று பிடிபட்டது. நான் சமையல்கட்டுக்கு ஓடி, மஞ்சள்தூளும் சோடாவும் எடுத்துவந்தேன். உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து நீட்டினேன். கை சிவந்தது. வேப்பிலையையும் எடுத்துக் காட்டினேன்.

துரைசாணி என் கையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு ஆயாவை.

"குழந்தை நல்லா இருக்கணும்னுதாம்மா தெளிச்சேன்," என்று ஆயா அழுதாள். "சோடா போட்டது இவருதான்."

பட்லரைத் துரைசாணி இங்கிலீஷில் நாலு வார்த்தை திட்டினாள். அதோடு சரி. அவனை அனுப்பினால் மேஜைக்கு யார் பரிமாறுவது? என்னைத் தரையைச் சுரண்டச் சொன்னாள். என் வேலை போகாமல் தப்பியது.

சாயங்காலம் ஹாலில் பட்லர் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு நாற்காலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தான்.

"கைவித்தையா காட்டுற?" என்றான்.

மட்டையை எடுத்து அந்தக் கீறல்மேல் போட்டுக் காலை வைத்தேன். இழுக்கட்டும். மறுநாள் மற்றவர்கள் கேஜில் இறங்க ஷிப்ட் சங்கு ஊதியபோது நான் அந்தப் பலகையில்தான் நின்றிருந்தேன்.