செல்வியின் பெயரில் இருந்த பணம்

இன்று தேவராஜ மார்க்கெட்டில் செல்வியிடம் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்கும் மாரியண்ணன் வந்து தயங்கி நின்றார்.

"கண்ணு, உங்கப்பா தவறினப்போ மூட்டை தூக்கற நாங்கெல்லாம் சேர்ந்து ஒரு டிரஸ்ட்ல உன் பேருக்குப் பணம் போட்டு வச்சோம். பதினெட்டு முடிஞ்சதும் சொல்லணும்னு ஏற்பாடு. இனி அது உன்னுது. காலேஜ் சேந்துக்கோ."

செல்வி தராசைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"யாரு யாரு மாமா போட்டீங்க?"

"அதைச் சொல்ல மாட்டோம். சொன்னா நாளைக்கு எங்ககிட்ட பழத்துக்குக் காசு வாங்க மாட்டே."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியவர் மாரியண்ணன். அப்போதும் அவர் இதில் போட்ட பங்கைத் திருப்பிக் கேட்கவில்லை.

யார் வீட்டில் என்ன சண்டை என்றாலும் நொடியில் பரவிவிடும் மார்க்கெட் இது. இத்தனை பேர் இத்தனை வருஷம் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்? உங்களால் முடியுமா, சொல்லுங்கள்.