லண்டன் புகழ் மிருணாளினி

பரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒட்டப்படும் விழா நோட்டீசுகளில் உள்ளூர்க் கலைஞருக்கு மதிப்பில்லை. பரிஸில் பாடுபவர் 'லண்டன் புகழ்' ஆக வேண்டும். அவரே லண்டனில் பாடினால் 'பரிஸ் புகழ்' ஆகிவிடுவார். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை எங்கள் ஆட்கள் அச்சடித்தே ஒட்டுவார்கள். என்னோடு லாச்சப்பல் மரக்கறிக் கடையில் வேலை செய்யும் மிருணாளினி பல வருடமாக அப்படி ஒரு 'லண்டன் புகழ்'.

அவள் லண்டனில் பிறந்தவள் என்பது உண்மை. பள்ளிக்கூடக் காலத்திலேயே பொடியன்களோடு போட்டி போட்டு ராப் பாடினாள். சின்னச் சின்ன மேடைகளில் ஏறினாள், இணையத்தில் நாலைந்து பாட்டு வெளியிட்டாள். ஆங்கிலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் யாழ்ப்பாணத் தமிழ் பாய்ந்து வந்து சண்டை பிடிக்கும். ஒரு பாட்டு ஓரளவு பேசப்பட்ட நேரத்தில், பரிஸ் புறநகர் கார்ஜ் லே கொனெஸில் இருக்கும் சாருஜனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

"லண்டனிலை என்னைத் தெரிஞ்சது கொஞ்சப் பேருக்குத்தான் அக்கா. அதிலையும் பாதிப்பேர் என்ரை சொந்தக்காரர்" என்று அவளே சிரிப்பாள்.

இங்கே அவளைக் கூப்பிடுவார்கள், பாட விடமாட்டார்கள். கலியாண மண்டபத்தில் சினிமாப் பாட்டுக்கு நடுவே "யோ யோ" சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிட்டு வந்து முருங்கைக்காய்ப் பெட்டி அடுக்குவாள். அடுக்கும்போது வாய் தன் சொந்த வரிகளை முணுமுணுக்கும். எனக்குக் கோபம் வரும். அவளுக்கு வராது, அதுவும் எனக்குக் கோபம்.

போன மாசியில் ஒரு வழி திறந்தது. பக்கத்து நகரான பொண்டியில் கோடை இசைவிழா நடத்தும் நதாலி என்ற பிரெஞ்சுப் பெண் அவளுடைய பழைய பாட்டை இணையத்தில் கேட்டாள். மேடையில் நேரே பார்த்துப் பிடித்தால் விழாவில் இடம் தருவதாகச் சொன்னாள். அடுத்து வந்த மேடை, ஊர்ப் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுவிழா. சொந்தப் பாட்டே பாடலாம் என்று சங்கத் தலைவர் றெமிஜியஸ் வாக்குக் கொடுத்தார். நதாலி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எங்கள் விழாக்களைத்தான் தெரியுமே. பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கும் பொன்னாடை. "ரெண்டே ரெண்டு வார்த்தை" என்று தொடங்குகிறவர் பள்ளிக்கூடத்தில் கிணறு வெட்டிய கதை முடியாமல் இறங்கமாட்டார். மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. றெமிஜியஸ் ஓடிவந்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. பாட்டுக்கு நேரமில்லை. பாட்டு ஸ்பீக்கர் எல்லாம் கழட்டத் தொடங்கீட்டாங்கள், பேச்சு மைக் மட்டும்தான் மிச்சம். உங்களுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி விடுறம்."

நான் வாயைத் திறந்தேன். மிருணாளினி என் கையைப் பிடித்தாள்.

"பொன்னாடை போர்த்தினா நானும் ரெண்டு வார்த்தை பேசலாமோ அண்ணை?"

"ஓம் ஓம், அது முறைதானே!"

முறை என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் குறுக்கே நிற்கமாட்டார்கள். பொன்னாடையோடு மைக்கைப் பிடித்து, "சபையோருக்கு வணக்கம்" என்றாள். பிறகு இசை இல்லாமல், காலால் மேடைப் பலகையைத் தட்டிக்கொண்டே தொடங்கினாள்.

"லண்டனிலை நிண்டால் பரிஸ்காரி எண்டினம்,
பரிஸிலை நிண்டால் லண்டன்காரி எண்டினம்,
நான் ஆரெண்டு கேக்க மட்டும்
ஒருத்தருக்கும் நேரமில்லை…"

கொத்துரொட்டிக்கு எழும்பியவர்கள் தட்டோடு நின்றார்கள். சாருஜன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

நதாலிக்குத் தமிழ் வரிகள் விளங்கவில்லை. ஆனாலும் வாசலில் வைத்து இடம் உறுதி என்றாள். "போஸ்டரில் எந்த ஊர் போடட்டும்? லண்டன் என்றால் கூட்டம் வரும்" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மிருணாளினி பொன்னாடையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். பிறகு, "லாச்சப்பல்" என்றாள்.

அந்தப் போஸ்டரை எங்கள் கடைக் கண்ணாடியில் நான்தான் ஒட்டினேன். பாகற்காய் வாங்க வந்த றெமிஜியஸ் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"லண்டன் எண்டு போட்டிருக்கலாமே பிள்ளை. அதெல்லோ மதிப்பு?"

அவள் பாகற்காயைத் தராசில் வைத்தாள்.

"இஞ்சை இருக்கிறவளுக்கு மதிப்பில்லையோ அண்ணை?"