பந்தியில் நடந்த இன்டர்வியூ

முதல் நாள்

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் என் ஆபீஸைத் திறந்த அன்று முதலில் படியேறி வந்தவர் ஒரு அம்மா. மஞ்சள் பையிலிருந்து மகளுடைய ஜாதகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நல்ல எடமா பாத்துக் குடும்மா. பையன் குடிக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றார்.

போர்டில் 'எக்ஸிகியூட்டிவ் சர்ச்' என்று எழுதி, கீழே 'ஆளுக்கேற்ற இடம், இடத்துக்கேற்ற ஆள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் படித்த பாதிப் பேர் கல்யாணத் தரகு என்று நினைத்தார்கள். மீதிப் பேர் செக்யூரிட்டி வேலை கேட்டு வந்தார்கள்.

அதற்கு முன் நான் விழுப்புரம் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் லேப் கெமிஸ்ட். கரும்புச் சாற்றை டெஸ்ட் செய்தே தலை நரைத்தது. ஆலை கை மாறியபோது வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் சொந்தத் தொழிலா என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான். சர்க்கரை, அரிசி, எண்ணெய் என்று பாய்லர் ஓடுகிற ஆலைகளுக்குத் தலைமைப் பொறுப்பில் ஆள் தேடிக் கொடுப்பது. பிளாண்ட் ஹெட், சீஃப் இன்ஜினியர், சீஃப் கெமிஸ்ட். அதற்குக் கீழே தொடமாட்டேன். சென்னை கன்சல்டன்ட்களுக்கு ரெஸ்யூமேதான் தெரியும். பாய்லர் நின்றால் எந்த ஆலையில் யார் ஓடி வருவார், யார் போனை அணைத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன்.

இரண்டு டீ

இந்தத் தொழிலுக்கு உயிர் ரகசியம். நல்ல வேலையில் இருப்பவரைத்தான் நாம் தேடிப் போகிறோம். அவர் வேறு இடம் பார்ப்பது முதலாளி காதுக்குப் போனால் இருக்கிற வேலைக்கும் ஆபத்து. ஆனால் ரகசியத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஏழாம் பொருத்தம்.

ஒரு அரிசி ஆலை மேனேஜரை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் பார்த்துப் பேசினேன். திரும்பி வரும்போது பஸ் விக்கிரவாண்டிகூடத் தாண்டவில்லை, அவரிடமிருந்து போன்.

"மேடம், பேஜாராப் போச்சு. உங்ககூட டீ குடிச்சதை எங்க லாரி டிரைவர் பாத்துக்கினு போய் ஓனர்கிட்ட சொல்லிட்டான். அவரு கூப்ட்டு, எங்கயும் போவாத, சம்பளம் ஏத்தித் தர்றேன்னுட்டாரு. நான் இங்கயே இருந்துடறேன் மேடம்."

அவருக்கு இன்க்ரிமென்ட். எனக்கு இரண்டு டீ செலவு.

ஓட்டலில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். அதிலும் ஒரு பெண்பிள்ளை விதவிதமான ஆண்களோடு ஓட்டலில் உட்கார்ந்தால் ஊர் இன்னும் உன்னிப்பாகப் பார்க்கும். யோசித்துப் பார்த்தேன். இங்கே யாரும் யார் பக்கத்திலும் உட்கார்ந்து பேசலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்கிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. கல்யாண மண்டபம்.

அன்றிலிருந்து முகூர்த்த நாளெல்லாம் எனக்கு இன்டர்வியூ நாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு வேலைக்குப் போனவள் இந்தத் தொழிலிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இப்போது எல்லாம் வீடியோ காலில் முடிந்துவிடுகிறது. வசதிதான். ஆனாலும் நாதஸ்வரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று கேட்ட அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் திண்டிவனம் பக்கம் தவிட்டு எண்ணெய் ஆலை கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு உடனே ஒரு பிளாண்ட் ஹெட் வேண்டும். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. முடித்துக் கொடுத்தால் கடை நிலைக்கும். இல்லையென்றால் போர்டைக் கழற்றிவிட்டு மறுபடி யாருடைய லேபிலாவது போய் நிற்க வேண்டியதுதான்.

என் மனதில் இருந்த ஆள் குமரேசன். என் பழைய ஆலையில் டெபுடி சீஃப் இன்ஜினியர். கெட்டிக்காரர், ஆனால் பயந்த சுபாவம்.

"தணிகாசலம் சாருக்குத் தெரிஞ்சா என்னைக் கரும்பு யார்டுல வண்டி எண்ண விட்டுடுவாரு மேடம்" என்றார்.

தணிகாசலம் அந்த ஆலையின் ஒர்க்ஸ் மேனேஜர். எனக்கும் பழைய பாஸ். மூக்குமேல் கோபம் வரும்.

தை மாதம் என் நாத்தனார் மகள் கல்யாணம் வந்தது. குமரேசனுக்கும் கோயம்புத்தூர் எம்.டி.க்கும் பத்திரிகை கொடுத்தேன்.

"ஏனுங்க மேடம், முன்னப்பின்ன தெரியாத கல்யாணத்துல நானு யாருன்னு சொல்றதுங்க?" என்றார் எம்.டி.

"யாரும் கேக்கமாட்டாங்க சார். வந்து சாப்பிடுங்க, போதும்" என்றேன்.

பந்தியில் நான் ஓரத்தில், அடுத்து குமரேசன், அவருக்கு அந்தப் பக்கம் எம்.டி. அதற்கடுத்த இலை காலி. எம்.டி. ஸ்டீம் பிரஷரைப் பற்றிக் கேட்கிறார், குமரேசன் அப்பளத்தை உடைத்துக்கொண்டே பதில் சொல்கிறார். எம்.டி. முகத்தில் திருப்தி தெரிந்தது. காரியம் பழம் என்று நான் நினைத்த நேரத்தில் அந்தக் காலி இலைமுன் வந்து உட்கார்ந்தார் தணிகாசலம்.

பத்திரிகையில் எங்கள் பக்கத்துப் பெயர்களைத்தான் பார்த்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா அதே ஆலையில் கரும்பு ஆபீசராக இருந்தவர் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சார் சாம்பார் வாங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த எம்.டி.யிடம் மரியாதைக்குக் கேட்டார். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

எம்.டி. விழித்தார். "நானுங்க... இவங்க வீடுங்க" என்று என்னையும் குமரேசனையும் சேர்த்துக் கைகாட்டிவிட்டார்.

நான் ஆள் தேடிக் கொடுக்கிற ஆபீஸ் திறந்தது தெரிந்தவர் தணிகாசலம். எட்டிப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு பாயசம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டார். குமரேசன் மீதி அப்பளத்தைப் பொடியாக்கிக்கொண்டே இருந்தார். நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

கை கழுவுகிற இடத்தில் தணிகாசலம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா வசந்தி, நம்ம ஆலையிலயே ஆள் புடிச்சிக்கினு இருக்கியா?"

"சார்..." என்று இழுத்தேன்.

"போறது தப்புன்னு சொல்லல. அவனை எவ்ளோ நாளு நான் கட்டி வெச்சிக்கினு இருக்கறது? ஆனா ஒரு பொண்ணைக் கேக்கறதுன்னாகூட வீட்டுக்கு வந்துதானே கேப்பாங்க. நீ இன்னாடான்னா யார் வீட்டுப் பந்தியிலயோ வெச்சிப் பேசிக்கினு இருக்கிற. என் வீடு தெரியாதா உனுக்கு?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வீடு தெரியாதா என்று கேட்டதுதான் தாங்கவில்லை. பட்டுப்புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு சீப்பு வாழைப்பழம்

மறுநாள் பழம், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு எம்.டி.யோடு சார் வீட்டுக்குப் போனேன். வரமாட்டேன் என்ற குமரேசனையும் இழுத்துக்கொண்டுதான் போனேன். சாருடைய மனைவி காபி கொடுத்தார். சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கரும்பு கிரஷிங் முடியட்டும். சீசன் முடிஞ்சதும் நானே அனுப்பி வெக்கறேன்."

"எனக்கு அடுத்த மாசமே ஆள் வேணுமுங்களே" என்றார் எம்.டி.

எனக்கு அங்கேயே போர்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. தணிகாசலம் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சீசன் நடுவுல என்னை விட்டுட்டு வர்றவன், நாளைக்கு உங்க பாய்லர் நின்னாலும் இதே மாதிரி விட்டுட்டுப் போவான். அப்படிப்பட்டவன்தான் வேணும்னா சொல்லுங்க. எங்கிட்ட ரெண்டு பேரு இருக்காங்க, நாளைக்கே கூட்டிக்கினு போங்க."

எம்.டி. சிரித்துவிட்டார். "இவருக்கே காத்துக்கறனுங்க" என்று குமரேசனைக் காட்டினார். எத்தனையோ ரெஃபரன்ஸ் செக் செய்திருக்கிறேன். ஒரு ஆளைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை.

வைகாசியில் குமரேசன் எண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். என் போர்டும் கழலாமல் நிலைத்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ரகசியம் வேண்டும், ஆனால் ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரைதான். ராஜினாமா மெயில் போவதற்கு முன்னால் பாஸ் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் போகட்டும். ஆளை எடுப்பது நம் தொழில், உறவை அறுப்பது அல்ல. கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

சென்ற ஆவணியில் விழுப்புரத்தில் தணிகாசலம் சார் மகளுக்குக் கல்யாணம். அவர் ரிட்டயராகிவிட்டார். "பந்தியில ஆள் புடிக்காத, சாப்ட்டுட்டு ஒழுங்காப் போ" என்று சொல்லித்தான் பத்திரிகை வைத்தார்.

போய் உட்கார்ந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாயசம் வாளியோடு குமரேசன் இலை இலையாக வந்துகொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"பொண்ணு வீடுங்க" என்று சொல்லிவிட்டுக் குமரேசன் அடுத்த இலைக்குப் போனார்.