நாற்பத்தியொரு சேலைகள்

ஒரு கடிதத்தைக் கண்டு பயந்து, அதை வாசிக்காமலே யாருக்காவது காசு கொடுத்திருக்கிறீர்களா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். இம்மாகுலேற்றும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

பாரிஸுக்கு அருகே பியர்ஃபித்தில் நாலாம் மாடியில் வீடு. அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. ஒரு கொண்டாட்டத்துக்குக் கட்டிய சேலையை அடுத்ததற்கும் கட்டினால் எங்கள் சனத்துக்கு மானம் போய்விடும், படத்தில் பிடிபட்டுவிடும். அப்படி ஒருமுறை கட்டி மடித்து வைத்தவை அவளுடைய அலுமாரி நிறைய இருந்தன.

2023இல் மன்னாரில் அக்கா அற்புதமலருக்குப் புற்றுநோய் கண்டது. இம்மாகுலேற்றிடம் இருந்ததோ அகதி அட்டை. அதோடு இலங்கைக்குப் போக முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு, அவர்கள் பாஷையில் நசனாலித்தேக்கு, போட்ட விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தது. அது கிடைத்தால் அக்காவின் முகத்தைப் பார்க்கலாம். அதுவரை மருந்துக்காவது காசு அனுப்ப வேண்டும். சேலைகளைக் கைபேசியில் படம் பிடித்து, ஒவ்வொன்றாக இணையத்தில் விற்றாள். மகள் மர்கரீத்துக்குச் சொல்லவில்லை. அவள் பெரியபிள்ளையானபோது கட்டிய சாமத்தியச் சேலையும் அதில் போயிருந்தது.

அடுத்த தை மாதம் விற்பனைத் தளத்திலிருந்து கடிதம் வந்தது. நாற்பத்தியொரு விற்பனை, ஆயிரத்து அறுநூற்று முப்பது ஈரோ, விபரம் வரி அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டுள்ளது. வரி என்ற ஒரு சொல்தான் அவளுக்கு விளங்கியது. அதை வாசிக்கக்கூடியவள் அடுத்த அறையில் இருந்தாள். தாய் கடிதத்தைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு ரயில் ஏறினாள்.

அங்கே ஒரு போன் கடையின் பின்பக்கத்தில் வலன்ரைன் படிவம் நிரப்பிக் கொடுப்பான். ஒன்றுக்கு நாற்பது ஈரோ.

"என்ன தங்கச்சி, சொல்லாமல் கொள்ளாமல் கடை திறந்திட்டியள் போல!" என்றான் கடிதத்தை வாசித்துவிட்டு.

"கடை இல்லை அண்ணை, என்ரை பழஞ்சேலையள்."

"பழசோ புதுசோ எண்டு அவங்களுக்குத் தெரியுமே? மறைச்சால் உங்கடை நசனாலித்தே குப்பைக்கைதான்."

"ஐயோ, அப்ப என்ன செய்யிறது?"

"யாவாரம் எண்டு காட்டுவம். நேர்மையான மனுசி எண்டு நினைப்பாங்கள்."

வைகாசியில் வரிப் படிவத்தில் அப்படியே எழுதினான். உண்மை என்ன? நகைக்கு வேறு விதி உண்டு. ஆனால் தான் உடுத்திய பழைய துணியை விற்றவருக்கு வருமான வரி இல்லை. லாபத்துக்கு வாங்கி விற்பவருக்கும் செய்து விற்பவருக்கும்தான் உண்டு. கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அது எழுதியிருந்தது. வலன்ரைன் வாசிக்கத் தெரிந்தவன். வாசித்ததைச் சொன்னால் நாற்பது ஈரோ ஏது?

புரட்டாதியில் அந்த வரிப் படிவத்தைப் பார்த்துக் குடியுரிமை அலுவலகம் கேட்டது: வியாபாரம் என்றால் பதிவு எங்கே? கொள்முதல் பற்றுச்சீட்டு எங்கே? அவளிடம் இரண்டும் இல்லை. விண்ணப்பத்தை இரண்டு வருடம் தள்ளிவைத்தார்கள்.

"காட்டினபடியாலைதான் தங்கச்சி இவ்வளவோடை தப்பினியள்," என்றான் வலன்ரைன். "மேன்முறையீடு எழுதுவம். எழுபது."

அவள் கொடுத்தாள். நன்றியும் சொன்னாள்.

கார்த்திகையில் அற்புதமலர் செத்துப்போனாள். சேலைகளைப் படம் பிடித்த அதே கைபேசியில் இம்மாகுலேற் அடக்கத்தைப் பார்த்தாள். கடவுளின் சித்தம் என்று ஆறுதல் சொன்னார்கள். நாற்பது ஈரோவுக்கு ஒருவன் எழுதிய பொய்யில் கடவுளுக்கு என்ன வேலை?

பெரியம்மாவின் படம் தேடி மேசை லாச்சியை இழுத்த மர்கரீத்தின் கையில் கடிதங்கள் அகப்பட்டன. நின்றபடியே வாசித்தாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"அம்மா, நீங்கள் ஒன்றுமே கட்டத் தேவையில்லை என்று இதில் இருக்கிறதே!" என்றாள் பிரெஞ்சில். "ஏன் என்னிடம் காட்டவில்லை?"

"உன்ரை சாமத்தியச் சேலையையும் வித்துப்போட்டன் பிள்ளை."

"அதுக்காகவா?"



உங்கள் வீட்டு லாச்சியிலும் அப்படி ஒரு கடிதம் கிடக்கலாம். வெட்கத்தை விடுங்கள். இன்றைக்கே எடுத்து உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டாம் பக்கத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்.