பம்பர் அண்ணன் மாட்டிய கடைசி டயர்

பம்பர் அண்ணன்: பிறப்பு 1950, மறைவு 2021. கல்லும் முள்ளுமான பாதைகளில் ஓடும் ஜீப் வகை வண்டிகளுக்குப் பின்புறம் கனத்த இரும்புப் பம்பரும், ஸ்டெப்னி டயரைச் சுமக்கும் இரும்புக் கையும் பொருத்திக் கொடுப்பது அவருடைய தொழில். அண்ணன் என்பது தெரு கொடுத்த உறவு. உண்மையிலேயே அவரை அண்ணன் என்று அழைக்க வேண்டிய ஒருவர் சாலையின் எதிர்ப்புறத்தில் டயர்க் கடை வைத்திருந்தார். அவர் மட்டும் அவ்வாறு அழைப்பதில்லை.

பட்டறை ஒரு வண்டி நிற்கும் அகலம் கொண்டது. தகரக் கூரை, ஏற்றி இறக்கும் ஷட்டர், கழுவும் நீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் சாய்த்துப் பூசிய சிமெண்டுத் தரை. பின்னால் ஓர் அறை. மனைவி இறந்த பிறகு அதுவே வீடும் ஆயிற்று. அங்கே ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் இரண்டு டம்ளர்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றில் அவர் வாஷர்களைப் போட்டு வைத்திருந்தார்.

அண்ணனும் தம்பியும் முன்பு இதே பட்டறையில் ஒன்றாகத்தான் வேலை செய்தனர். அண்ணன் முடுக்க, தம்பி பிடிக்க, தம்பி முடுக்க, அண்ணன் பிடிக்க, கல்யாணமான பின்னும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அவர்கள் அனுப்பிய வண்டியிலிருந்து டயர் இரும்புக் கையோடு கழன்று சாலையில் விழுந்து, உருண்டு, வயலில் போய்ச் சாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் வண்டிக்காரர் டயரைக் கொண்டுவந்து பட்டறை நடுவில் போட்டுவிட்டு, கீல் போல்ட்டு முடுக்கப்படவே இல்லை என்று காட்டினார்.

“நீ முடுக்கிட்டேன்னு நெனச்சேன்” என்றார் அண்ணன்.

“நீ முடுக்கிட்டேன்னுதான் நானும் நெனச்சேன்” என்றார் தம்பி.

இருவர் சொன்னதும் உண்மை. இருவராக வேலை செய்யும் இடத்தில் மட்டுமே நேரக்கூடிய தவறு அது. அன்று அண்ணன், “இனிமே ஒரு வண்டிக்கு ஒருத்தன் கைதான்” என்று சொல்லிவிட்டார். அவர் வேலை முறையைச் சொன்னார். தம்பி தன்னைப் போகச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். மறு மாதமே எதிரே டயர்க் கடை திறந்தது. இடையில் இரு பக்கமும் பேசிக்கொண்டிருந்தவர் அண்ணனின் மனைவி ஒருவர்தான். அவர் போன பின்பு அந்தச் சாலையைக் கடந்து வர யாரும் இல்லை.

தம்பி பிரிந்துபோன பிறகு பதினோரு ஆண்டுகள் அண்ணன் தனியாகவே வேலை செய்தார். பம்பரைப் பலகையில் படுக்க வைத்து, சக்கர ஜாக்கியால் அங்குலம் அங்குலமாக ஏற்றி, சட்டத்தின் துளைகளுக்கு நேராக நிறுத்துவார். போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டுமே ஏற்றுவார். இரு பக்க இடைவெளியையும் அளந்து பார்த்த பிறகே ஸ்பானரைத் தொடுவார். முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு இல்லாத போல்ட்டு ஒன்று கண்ணில் பட்டால் வண்டி வெளியே போகாது.

2018ஆம் ஆண்டு ஒரு பம்பர் பலகையிலிருந்து நழுவி அவருடைய கால் விரலில் விழுந்தது. செய்தி எப்படியோ வெளியூரில் இருந்த மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் புறப்பட்டு வந்து, கட்டிலில் அமர்ந்து, கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, எழுபது கிலோ இரும்பத் தனியாத் தூக்குற வயசா இது?”

“நான் எங்கம்மா தூக்குறேன்? ஜாக்கி தூக்குது. நான் பக்கத்துல நின்னு மேற்பார்வை பாக்குறேன்.”

“மேற்பார்வை பாத்தவருக்குத்தான் நகம் பேந்து போச்சாக்கும்.”

“அது பழைய நகம். எப்பவோ போயிருக்கணும்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அவள் அடுத்ததைச் சொன்னாள். “சரி, ஒரு பேச்சு. அடுத்து வர்ற பெரிய வேலைய ஒருத்தரையும் கூப்பிடாம முடிச்சுக் காட்டுங்க. முடிச்சிட்டீங்கன்னா நான் இதப் பத்தி வாயே தெறக்க மாட்டேன். முடியலன்னா பட்டறைய மூடிட்டு எங்கூட வந்துடணும்.”

“முடிஞ்சுதா இல்லையான்னு உனக்கு யாரு சொல்றது?”

“நீங்கதான். பொய் சொன்னா போன்லயே தெரிஞ்சிடும். உங்களுக்கு அது வராது.”

அவர் ஒப்புக்கொண்டார். மகள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் அனைவரும் கிளம்பிப் போனால் மாலையில்தான் திரும்புவார்கள். முன்பு ஒருமுறை அங்கே தங்கியபோது முதல் சில நாட்களிலேயே வீட்டுக் கதவுக் கீல்கள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டு முடித்துவிட்டார். பிறகு பக்கத்து வீட்டுக் கதவுகளுக்கும் விட்டார். அதற்குப் பின் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மூன்றாம் மாடி ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். இங்கே தனியாக இருந்தாலும் ஷட்டரை ஏற்றினால் யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி, “அண்ணே, கொஞ்சம் பாருங்க” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் பட்டறையை விடாமல் இருந்தார் என்பது என் துணிபு.

பெரிய வேலை இரண்டு வாரத்தில் வந்தது. சுற்று வட்டாரத்து மந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரின் வண்டி. அவர் குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. சேற்றில் சிக்குவதாக அலுத்துக்கொண்டு பெரிய அளவு டயர்களை மாற்றியிருந்தார். அதனால் ஸ்டெப்னி அதன் பழைய இடமான வண்டியின் அடிப்பக்கத்தில் நுழையவில்லை. பின்கதவின் வெளியே, கை போட்டு மாட்டுவதுதான் வழி.

“அண்ணே, எரும ஒதச்சாலும் வளையாத பம்பர் வேணும்.”

“ஒதச்ச எருமைக்கு நீங்கதான் வைத்தியம் பாக்கணும், சம்மதமா?”

“அது நம்ம தொழில்தானே. ஆனா ஒண்ணு, என் மருந்துப் பெட்டி பூராவும் பின்னால இருக்கு. ஒரு நாளைக்கு எத்தன தடவ கதவத் தெறப்பேன்னு எனக்கே தெரியாது. இந்தக் கைய ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்டித் தெறக்க என்னால ஆகாது.”

“ஒத்தக் கையால தெறக்கலாம், ஒத்தக் கையால மூடலாம்” என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

பழைய பம்பரைக் கழற்றுவதற்கே ஒரு பகல் ஆயிற்று. துருப்பிடித்த போல்ட்டுகளை எண்ணெயில் ஊறவிட்டு, சூடு காட்டி, நம்பர் பிளேட் விளக்கின் ஒயரைப் பத்திரமாகப் பிரித்து ஓரமாகக் கட்டினார். புதிய பம்பர் இம்முறை நழுவவில்லை. ஜாக்கியும் பலகையும் சொன்னபடி கேட்டன. மறுநாள் நண்பகலுக்குள் பம்பர் சட்டத்தோடு ஒட்டி நின்றது. மஞ்சள் கோடுகளும் வரிசையாக விழுந்தன. அவர் மகளிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்தில் தயார் செய்யத் தொடங்கினார்.

கை மட்டும் மீதம் இருந்தது. அது ஒரு முனையில் கீலில் தொங்கும். மறுமுனை வண்டியின் குறுக்கே வந்து, ஒரு தாங்கியின் மேல் உட்கார்ந்து, கொக்கியில் பூட்டிக்கொள்ளும். டயரின் எடை ஏறினால் கை சற்றுத் தொய்யும். ஆகவே டயரை மாட்டிய பிறகுதான் தாங்கியின் உயரத்தை வைக்க வேண்டும். இதை அவர் அறியாதவர் அல்லர். டயரை மாட்டிவிட்டுத்தான் தாங்கியை முடுக்கக் குனிந்தார். ஆனால் தரை சாய்வு. குனியும்போதெல்லாம் கனத்த கை தானாகவே திறந்து அவர் மீது வந்தது. கயிறு போட்டுக் கட்டினார்; கயிறு கையை ஒரு பக்கமாக இழுத்தது. கட்டை கொடுத்துப் பார்த்தார், கட்டை வழுக்கியது. கடைசியில் டயரைத் தோளால் தடுத்துக்கொண்டு, கீழே தம் கையை நீட்டித் தாங்கியை முடுக்கி முடித்தார். கொக்கி சுகமாகப் பூட்டிற்று. மஞ்சள் கோட்டையும் இழுத்தார்.

மாலையில் மருத்துவர் வந்து கையைத் திறந்தார், மூட முயன்றார். கை தாங்கிக்குக் கீழே முட்டி நின்றது. அவர் தம் முழு எடையையும் கொடுத்துத் தள்ளினார்.

“என்ன அண்ணே, அடம் பிடிக்கிற கன்னுக்குட்டியா இருக்கு இது!”

அண்ணன் முன்னே வந்து தோளைக் கொடுத்துத் தூக்கினார். உடனே பூட்டிக்கொண்டது.

“உங்களுக்குப் பணியுது. எனக்குப் பணியாது” என்றார் மருத்துவர்.

“நாளைக்கு வாங்கம்மா. பணிய வைக்கிறேன்.”

அவர் போன பின்பு அண்ணன் சட்டையைக் கழற்றினார். தோள் பகுதியில் டயரின் பள்ளமும் மேடும் கறுப்பாக, அச்சுப் போட்டதுபோல் பதிந்திருந்தன. அப்போதுதான் விளங்கிற்று. தடுப்பதாக நினைத்துக்கொண்டு அவர் தூக்கியிருக்கிறார். தம் தோள் கீழே இருக்கும் உயரத்துக்கே தாங்கியை வைத்திருக்கிறார். தனியாக வேலை செய்பவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

காலையில் தாங்கியைத் தளர்த்தி மீண்டும் முயன்றார். தோள் தொடாமல் விட்டால் கை திறந்தது, தொட்டால் தோள் அதைத் தூக்கிற்று. கொக்கியை அரத்தால் ராவித் தளர்வாக்கிவிடலாம். ஆனால் கல் பாதையில் கை தடதடவென்று ஆடும். பழைய டயர் ஒன்று வயலில் உருண்டதை அவர் மறக்கவில்லை. பக்கவாட்டில் ஓர் ஆள் நின்று, தூக்காமல், இழுக்காமல், சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும். எடையைத் தன் மேல் வாங்காமல் பிடிப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். அது தெரிந்தவர் அந்தச் சாலையில் ஒருவர்தான்.

அவர் நெடுநேரம் ஷட்டருக்குக் கீழே நின்றார். பிறகு சாலையைக் கடந்தார்.

தம்பி ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் எழவில்லை.

“ஒரு கை பிடிக்கணும்.”

“எந்த வண்டி?”

“மாட்டு டாக்டர் வண்டி.”

“அந்த டயரு நான் போட்டது.”

“தெரியும்.”

தம்பி ட்யூபை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பட்டறைக்குள் அவருக்கு வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. டயரின் பக்கவாட்டில் இரு விரல்களை மட்டும் வைத்து நின்றார். அண்ணன் கீழே படுத்தார்.

“கொஞ்சம் உள்ள.”

“ம்.”

“மேல போவுது.”

“நான் தூக்கல. நல்லாப் பாரு.”

“ம். இப்ப சரி. நில்லு.”

உறவுப் பெயர் ஒன்றும் இல்லாமலே பேச்சு நடந்தது. தாங்கி சரியான உயரத்தில் அமர்ந்தது. கொக்கி தம்பியின் ஒற்றை விரலுக்கே பூட்டிற்று. ஒற்றை விரலுக்கே திறந்தது. இரண்டு பேரும் மாறி மாறித் திறந்து மூடினார்கள். தேவைக்கு மேல் சில முறை மூடினார்கள் என்றும் சொல்லலாம்.

போகத் திரும்பிய தம்பி மஞ்சள் கோடுகளைக் குனிந்து பார்த்தார். “எல்லாம் முடுக்கியாச்சா?”

“ஆச்சு.”

“நான் ஒரு சுத்து பாத்துடட்டுமா?”

அண்ணன் தாமும் ஒரு முறை கோடுகளைப் பார்த்தார். பிறகு ஸ்பானரை நீட்டினார். தம்பி ஒவ்வொன்றாகப் போட்டு இழுத்தார். ஒன்றும் அசையவில்லை. கீல் போல்ட்டு மட்டும் கால் சுற்று திரும்பியது. தம்பி ஸ்பானரைத் துணியில் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து போனார். எடை ஏறியதும் போல்ட்டு சற்று இடம் கொள்வது இயல்பே. வேறு யார் கேட்டிருந்தாலும் அண்ணன் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் திருப்பிய கை தம்பியுடையது. திரும்பியது கீல் போல்ட்டு; அன்று டயர் வயலில் உருண்டதும் அந்த இடத்துப் போல்ட்டால்தான்.

மருத்துவர் வந்து, திறந்து, மூடி, “இப்ப சாதுப் பசு!” என்று தட்டிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போனார்.

அன்று மாலை அண்ணன் மகளுக்குப் போன் செய்தார். “முடியலம்மா. ஒருத்தரக் கூப்பிட வேண்டியதாப் போச்சு.”

“யார?”

“உன் சித்தப்பாவ.”

அவள் அழுகையும் சிரிப்புமாக, “வந்தாரா? கூப்பிட்ட உடனேயா? அப்பா, அப்ப நீங்க எங்கயும் வர வேண்டாம். சித்தப்பா கூட இருந்தா எனக்கென்ன பயம்? ரெண்டு பேருமாச் செய்யுங்க. ஆனா தனியா மட்டும் செய்யக் கூடாது, சரியா?” என்றாள்.

பட்டறை போய்விடும் என்று எண்ணிச் சொன்ன உண்மை, பட்டறையை அவரிடமே விட்டு வைத்தது. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு முறையும் சாலையைக் கடந்து, “ஒரு கை பிடிக்கணும்” என்று சொல்ல வேண்டும். பிடித்து முடித்ததும் அந்தக் கை, அவர் முடுக்கியதைச் சோதிக்க ஸ்பானரைக் கேட்கும்.

அவர் மறுபடியும் கூப்பிடவில்லை. தம்பி தம்மால் இயன்றதைச் செய்தார். பெரிய டயர் மாற்றியவர்களை எல்லாம், “எதிர்ல போங்க, கை போட்டுக் குடுப்பாரு” என்று அனுப்பினார். அண்ணன் அவர்களிடம், “நான் இப்ப அந்த வேலை எடுக்கறதில்லைங்க” என்று சொல்லி வேறு ஊர்ப் பட்டறைக்கு வழி காட்டினார். விளக்கு மாற்றுதல், கீலுக்கு கிரீஸ் வைத்தல், மட்கார்டு நிமிர்த்துதல் எனத் தனியாளுக்கு இயன்ற வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டார். சில வாரங்களில் தம்பி ஆள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு ஷட்டர் ஏறியிருந்தும் வண்டி நிற்காத நாட்களே மிகுந்தன. அவர் நாற்காலியைச் சாலையைப் பார்த்துப் போடாமல் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

இறுதியில், மகள் அழைக்காமலே, “வரட்டுமா?” என்று அவரே கேட்டார். மருமகன் கார் கொண்டுவந்தார். ஒரு பெட்டியும் ஒரு படுக்கைச் சுருட்டும்தான் சாமான். எதிரே தம்பி ஒரு லாரிச் சக்கரத்துக்கு அடியில் குனிந்திருந்தார். காரின் கதவுச் சத்தத்துக்கும் நிமிரவில்லை. அண்ணனும் கூப்பிடவில்லை. ஷட்டரை மறுபடி பாதி உயர்த்தி, உள்ளே விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்கினார். அவர் அந்த ஷட்டரைக் கடைசியாக ஏற்றியது 2018 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை.