வியன்னாவுக்கு இன்னொரு பெயர்

ஐரோப்பாவுக்கு ஓடுகிற கோச்சுகளுக்கு டிக்கெட் போடும் கவுண்டரில் பதினாறு வருடங்கள் இருந்தேன். இல்ஃபோர்டில் வீடு, லண்டன் நடுவில் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் ஒரு மாதத்தில் பழகிவிடும். ஊர்ப் பெயர்கள்தான் ஆளைக் குழப்பும்.

முதல் நாளே ஒரு இத்தாலிக்காரர் ரோமுக்குப் போய் ‘லொந்த்ரா’வுக்குத் திரும்பி வர டிக்கெட் கேட்டார். அப்படியொரு ஊரைக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டே இருந்தேன். பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் விரலால் நிலத்தைக் காட்டினார். நான் இருக்கிற ஊரின் பெயரே எனக்கு விளங்கவில்லை. பிறகு பிரெஞ்சுக்காரர் ‘லோந்த்ர்’ என்றார்கள், பின்லாந்துப் பெண்ணொருத்தி ‘லொந்தோ’ என்றாள். நாளடைவில் எல்லாம் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

இலோனா கவுண்டருக்குப் போன் எடுத்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு. ஹங்கேரி நாட்டவர். ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கும் வேலை. அறுபதை நெருங்கிய வயது. ஆங்கிலம் அளவோடுதான். தங்கைக்கு வெள்ளி காலை இதய ஆபரேஷன், வியாழக்கிழமைக்குள் தான் அங்கே நிற்க வேண்டும் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். ‘பேச்’ என்றார். கவுண்டருக்கு வெளியே சரியான இரைச்சல். வழக்கம்போல் கொப்பியில் தமிழில் ‘பேச், வியாழன்’ என்று எழுதி வைத்தேன்.

பிறகு கம்ப்யூட்டரில் அடித்தேன். Pécs என்று ஹங்கேரியில் ஒரு ஊர் வந்தது. ஹங்கேரிப் பெண், ஹங்கேரியில் ஊர். சந்தேகப்பட எதுவும் இருக்கவில்லை.

புதன்கிழமை, கோச் புறப்படுவதற்குச் சற்று முன், டிக்கெட் எடுக்க நேரில் வந்தார். “பேச்?” என்று ஒருமுறை கேட்டார். “ஓம், பேச்” என்றேன். தாளை விரித்துப் பார்க்காமலே கைப்பைக்குள் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு இலோனாவின் தங்கை கணவர் அழைத்தார். நல்ல ஆங்கிலம். கோச் எத்தனை மணிக்கு வியன்னா வரும், தான் வந்து கூட்டிப்போக வேண்டும் என்றார். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, அவர் வியன்னாவுக்குப் போகவில்லை, பேச்சுக்குத்தான் போகிறார் என்றேன்.

“ஓம், பேச்சுக்குத்தான்” என்றார் அவர்.

அது ஹங்கேரியில் அல்லவா இருக்கிறது என்றேன். இல்லை, ஆஸ்திரியாவில் என்றார். மூன்று முறை இப்படியே சுற்றினோம். அவர் சொல்வதும் சரியாக இருந்தது, நான் சொல்வதும் சரியாக இருந்தது. கடைசியில் அவர் ஆறுதலாக ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். Bécs. முதல் எழுத்து B. ஹங்கேரி மொழியில் வியன்னாவுக்கு அதுதான் பெயர். P போட்டால் அது தெற்கு ஹங்கேரியில் வேறொரு ஊர்.

கொப்பியைத் திறந்து பார்த்தேன். ‘பேச்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’. அன்றைக்கு என் காதில் விழுந்தது எது என்று எனக்கே தெரியவில்லை. தங்கை கணவரைப் போனில் காத்திருக்கச் சொன்னேன்.

என் சூப்பர்வைசர் மாலதி, சென்னைப் பெண், என்னைவிட இருபது வயது இளையவர். நடந்ததைச் சொன்னதும், கோச் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டார். மூனிக் போய்ச் சேருகிற நேரம், அங்கே இலோனா பேச் கோச்சுக்கு மாறுவார் என்றேன். அதில் போனால் ஆபரேஷனுக்கு முதல் தங்கையைப் பார்க்க ஏலாது.

மூனிக் கவுண்டருக்கு அடித்தேன். இந்தப் பயணியை வியன்னா கோச்சில் ஏற்றுங்கள் என்றேன். லைன் சரியில்லை. அங்கிருந்த பெண், வெனிஸுக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் ‘வீன்’ தானே என்றாள். அதற்கும் இல்லை என்றேன். ஜெர்மன் மொழியில் வியன்னாவுக்கு வீன் என்று பெயர் என்பது நான் எத்தனையோ முறை டிக்கெட்டில் பார்த்த விஷயம். அந்த நேரம் எந்தப் பெயரையும் நம்பப் பயமாக இருந்தது.

மாலதி ரிசீவரை வாங்கி, வீன்தான் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “அண்ணா, கொஞ்சம் தண்ணி குடிங்க.”

இலோனா அதற்குள், டிக்கெட்டைப் பார்த்த டிரைவர் கைகாட்டிய பேச் கோச்சில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்க மறுக்கிறார் என்று மூனிக் பெண் சொல்லி, போனை அவரிடம் கொடுத்தாள். நான் எவ்வளவோ விளக்கினேன். என் வாயிலிருந்து இரண்டு ஊரும் ஒரே பெயராகவே வந்திருக்க வேண்டும்.

“நீங்கள்தான் இந்த பஸ் என்று சொன்னீர்கள்” என்றார் அவர்.

வேறு வழி தெரியவில்லை. மற்ற போனில் காத்திருந்த தங்கை கணவரை, இரண்டு ரிசீவரையும் தலைகீழாகச் சேர்த்துப் பிடித்துப் பேசவிட்டேன். ஹங்கேரி மொழியில் எனக்கு விளங்கியது பேச், பேச் என்பது மட்டும்தான். சில நிமிடம் கழித்து மூனிக் பெண் லைனுக்கு வந்து, வியன்னா கோச்சில் ஏற்றிவிட்டேன் என்றாள்.

பிழை என்னுடையது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தேன். “இனிமே ஊர்ப் பேரைத் தமிழ்ல எழுதாதீங்கண்ணா” என்பதோடு மாலதி விட்டுவிட்டார்.

மூன்று கிழமைக்குப் பிறகு இலோனா கவுண்டருக்கு வந்தார். தங்கை எழும்பி நடக்கிறாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் தொண்டையில் இரண்டு விரலை வைத்து, என்னையும் வைக்கச் சொன்னார். Bécs என்றால் முதல் எழுத்திலேயே விரலில் அதிரும், Pécs என்றால் அதிராதாம். சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறையும் அதிர்ந்தது போலிருந்தது. சிரித்துவிட்டார். வியன்னாவை ஏன் பேச் என்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கும் அந்த இரண்டு பெயரும் என் காதுக்கு ஒன்றுதான். அதனால் வேலையின் கடைசி நாள் வரை, நேரில் வந்தவர்களிடம் பேனையைக் கொடுத்து, போகிற ஊரையும் நாட்டையும் உங்கள் கையால் எழுதுங்கோ என்று கேட்டேன். போன் எடுத்தவர்களிடம் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். பாரிசுக்கும் அப்படிக் கேட்டேன் என்று சிலர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார்கள்.